ஆறு பெட்டி மொய்

1

நான் வெளிநாட்டில் ஆப்பிள் அடுக்குகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருத்தி நியூசிலாந்து போய்விட்டாள் என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. போன தடவை லீவில் வந்தபோது பஜாரில் தெரிந்த அக்கா ஒருவர், "இன்னா வேலமே பாக்கற அங்க?" என்று கேட்டார். "பழம் பேக் பண்றேன்க்கா" என்றேன். "அத்த இங்கயே பண்ணலாமே, இன்னாத்துக்கு பிளேன் ஏறிக்கினு போன?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். என் வீட்டுக்காரர் தாஸ் வெல்டர். அவருக்கு இங்கே வேலை கிடைத்தது, நானும் மகளும் கூட வந்தோம். எனக்குச் சும்மா உட்கார வராது, ஆப்பிள் அடுக்கப் போனேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

வந்து எட்டு வருஷம் முடிந்த அதே மாதத்தில் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கடைசி எச்சரிக்கை என்று தலைப்பிலேயே தடித்த எழுத்து. ஏமாற்றினேனாம். இத்தனை வருஷத்தில் என் பெட்டியில் ஓர் அழுகல் பழம் போனதில்லை, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் பக்கத்தைச் சொல்ல அந்தக் காகிதத்தில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். எனக்கு இரண்டு வரி எந்த மூலைக்கு? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் வேலை மட்டும் ஆட்டம் கண்டிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். என் பக்கத்து மேசையில் நிற்கும் மெலேயின் வேலையும் போகப் பார்த்தது. அதுவும் நான் நல்லது என்று நினைத்துச் செய்த ஒரு காரியத்தால்.

2

எங்கள் பேக் ஹவுஸ் ஒரு பெரிய தகரக் கொட்டகை. ஆப்பிளை மெஷின் கழுவி, எடை பார்த்து, பிரித்து அனுப்பும். நாங்கள் வரிசையாக நின்று தட்டில் அடுக்கி, தட்டைப் பெட்டியில் வைத்து, பக்கவாட்டில் எங்கள் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி பெல்ட்டில் தள்ளுவோம். ஒவ்வொருத்திக்கும் ஓர் எண், ஒரு ஸ்டிக்கர் சுருள். பெல்ட்டின் முனையில் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. எந்த எண், எத்தனை மணிக்குப் போனது என்று அது பதிந்துகொள்ளும்.

சுவரில் பெரிய டிவி. அதில் எங்கள் பெயர்கள் நாள் முழுக்க ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். வாரக் கடைசியில் மேலே இருப்பவளுக்கு சூப்பர் மார்க்கெட் கூப்பன். கீழே ஒரு சிவப்புக் கோடு. இரண்டு வாரம் தொடர்ந்து அந்தக் கோட்டுக்குக் கீழே கிடந்தால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

நான் மேலேதான் இருப்பேன். பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கம்பெனியில் ஒயர் கட்டிப் பழகிய கை, ஆப்பிள் அதற்கு ஒரு பொருட்டா? அடுத்த சீசனில் என்னை லைன் லீடர் ஆக்குவதாகச் சூப்பர்வைசர் ட்ரேசி சொல்லியிருந்தாள். நின்று அடுக்குவதிலிருந்து நடந்து மேற்பார்ப்பதற்கு மாறலாம். எட்டு வருஷம் நின்ற கால்களுக்கு அது என்ன என்று நின்று வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கூப்பன் கிடைத்தால் அதே சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவேன். அங்கே பில் போடும் பெண் விலையைச் சொல்வதற்கு முன் அட்டை இருக்கிறதா என்று கேட்பாள். அட்டையைக் காட்டினால் புள்ளி ஏறும். இரண்டு ஷாம்பு வாங்கினால் இரட்டைப் புள்ளி. எங்கள் வீட்டில் மூன்று தலைதான் இருக்கிறது, அதில் ஒன்று வழுக்கை, குளியலறை அலமாரியில் ஷாம்பு பாட்டில் பதினொன்று. "இன்னாமே, கட போடப் போறியா?" என்று தாஸ் கேட்டார். அவர் தலையைப் பார்த்து ஒரு பதில் சொன்னேன், அதை இங்கே எழுத வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் காய் வாங்கினால் கொஞ்சம் கருவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் பையில் விழும். அதுவும் ஒன்றும் சும்மா வராது. நின்று பேச வேண்டும். "இன்னாண்ணா, கத்திரிக்கா இப்படிச் சொத்தையா கீது" என்று ஒரு சண்டை போட வேண்டும். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்க வேண்டும். அதுவும் வேலைதான். ஆனால் நான் மறுநாள் அடுத்த கடைக்குப் போனால் நேற்றைய கொத்தமல்லியைத் திருப்பிக் கொடு என்று அவர் கேட்க மாட்டார். இங்கே, இந்த மாதம் வந்து வாங்காவிட்டால் உன் புள்ளிகள் போய்விடும் என்று போனில் மெசேஜ் வருகிறது. படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோபத்தில் அந்த அட்டையை வெட்டிப் போட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வெட்டவில்லை. பர்ஸில்தான் இருக்கிறது.

3

ஊருக்குப் பக்கத்தில் தேர்வாய் கண்டிகையில் நான் முன்பு வேலை பார்த்தது, காருக்குள் ஓடும் ஒயர்களை அளந்து சேர்த்து டேப் சுற்றிக் கட்டாக அனுப்பும் கம்பெனி. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் குனிந்தே ஆயுசைக் கழித்தவர்கள். மகள் கம்பெனி பஸ்ஸில் போகிறாள், ஷூ போட்டு நிமிர்ந்து நின்று வேலை பார்க்கிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு மேசைக்கு ஆறு பெண்கள். சேர்ந்த முதல் மாதமே நான் டார்கெட்டைத் தாண்டிப் பறந்தேன். என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, சிறந்த தொழிலாளி என்று எழுதி, ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை, ஒருத்தியால் முடிகிறது என்றால் எல்லோராலும் முடியும் என்று சொல்லி ஆறு பேருக்கும் டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். அன்று மதியம் என் மேசைக்காரிகளில் ஒருத்தியும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுத்த மூன்று நாளும் அப்படித்தான்.

ஐந்தாம் நாள் வசந்தி வந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்து ஆரணியிலிருந்து வருபவள், என் வயசுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம்.

"இன்னா ஸ்டெல்லா, டப்பா வாங்கனியே, அதுல இன்னா வெச்சுத் துண்ற?"

"ஒண்ணும் வெக்கல. சும்மாதான் கீது."

"சும்மா கீற டப்பாக்கு ஆறு பேரு இடுப்ப ஒட்ச்சுட்டியே. ஒனுக்கே நல்லாக்கீதா இது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தன் டிபன் மூடியில் இரண்டு வஞ்சிரத் துண்டு வைத்து என் பக்கம் தள்ளினாள். அன்றிலிருந்து நான் அந்த மேசையின் ஆள்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு மொய் என்று பேர் வைத்திருந்தோம். டீ பிரேக்கில் வசந்தி குரல் கொடுப்பாள், "இன்னிக்கு யாருக்குமே மொய்?" காய்ச்சல்காரியோ வயிற்று வலிக்காரியோ கையைத் தூக்குவாள். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு மூன்று கட்டில் எங்கள் பெயர் போட்ட டோக்கனுக்குப் பதிலாக அவளுடைய டோக்கனை மாட்டிவிடுவோம். சாயங்காலம் ஆறு பேருடைய எண்ணிக்கையும் டார்கெட்டில் வந்து நிற்கும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கல்யாண மொய் மாதிரி நோட்டுப் போட்டு எழுதியதில்லை. நான் கர்ப்பமாக இருந்த ஏழு மாதமும் அந்த மேசை என்னைத் தாங்கியது.

ஊரில் எல்லோரும் தங்கம், இங்கே எல்லோரும் காசு பித்து என்று எழுத நான் வரவில்லை. அதே கம்பெனியில் ஒரு நாளும் லீவு எடுக்காதவளுக்குக் குக்கர் கொடுத்தார்கள். அந்தக் குக்கருக்காக ஒருத்தி உடம்பு நெருப்பாகக் கொதிக்க வந்து நின்று, மெஷின் பக்கத்திலேயே சரிந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பரிசைக் காட்டி ஆளை ஓட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. சேர்ந்து நிற்க எங்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

4

மெலே டோங்கா தீவுக்காரி. ஐம்பதைத் தொடுகிறவள், ஆகிருதியான உடம்பு, சிரித்தால் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அவள் வேலை பார்த்துக்கொண்டே முணுமுணுக்கும் கிறிஸ்தவக் கோவில் பாட்டுகளில் இரண்டு மூன்றின் ராகம் எனக்கும் தெரியும். அவள் அவள் பாஷையில் பாட, நான் தமிழில் பாடுவேன். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது.

இந்த சீசனில் அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பிரேக்கில் கழிப்பறைக் குழாயில் வெந்நீரைத் திறந்துவிட்டு அதில் கையை வைத்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். ஒரு வாரம் முழுக்க அவள் பெயர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமையும் அங்கேயே கிடந்தது.

அவள் ஸ்டிக்கர் சுருள் எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் இருக்கும் கம்பியில் தொங்கும். அதிலிருந்து ஒன்றைக் கிழித்து என் பெட்டியில் ஒட்டினேன். யோசிக்கவே இல்லை. அன்றைக்கு ஆறு பெட்டி. புதன்கிழமை ஆறு பெட்டி. அவள் பெயர் கோட்டைத் தாண்டி ஏறியது. மெலே டிவியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், சிரித்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கண்காணாத தேசத்தில் ஒரு மொய் வைத்துவிட்டேன் என்று மனசு துள்ளியது.

வியாழக்கிழமை மெலே வலி தாங்காமல் முதலுதவி அறைக்குப் போயிருக்கிறாள். கழிப்பறைக்குத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்து நான் ஒட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கையில் நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவள் எண் போட்ட இரண்டு பெட்டிகள் ஸ்கேனரைத் தாண்டின. அலுவலகத்தில் மணி அடித்த மாதிரி ஆகிவிட்டது. மெலேயைக் கூப்பிட்டு, நீ இங்கே இருக்கும்போது உன் பெட்டி எப்படிப் போனது, யாரிடம் சொல்லி வைத்தாய் என்று கேட்டார்கள். அவளுக்கு என்ன தெரியும்? தெரியாது என்றாள். பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் ட்ரேசியிடம் நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டாள். எட்டு வருஷம் பேசிய இங்கிலீஷ் எங்கே ஓடி ஒளிந்ததோ, "ஹெர் ஹேண்ட் பெயின், மை ஹேண்ட் நோ பெயின்" என்று மட்டும் வந்தது.

ட்ரேசி மோசமானவள் இல்லை. பெருமூச்சு விட்டு, ஒரு பெட்டியில் கெட்ட பழம் இருந்தால் அது யார் கையிலிருந்து போனது என்று வாங்குகிற நாட்டுக்குச் சொல்ல வேண்டும், எண்ணில் விளையாடுவது இங்கே திருட்டுக்குச் சமம் என்று விளக்கினாள். திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் விசாரணை, அதுவரை நீயும் வராதே என்று அனுப்பினாள். பேட்ஜைக் கழற்றி அவள் மேசையில் எறிந்த மாதிரி வைத்தேன். கோபத்தில்தான் அப்படி வைத்தேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். பயத்திலும்தான்.

5

விசாரணைக் கடிதம் ஈமெயிலில் வந்தது. இங்கிலீஷ் கடிதங்களை எங்கள் வீட்டில் மகள் ஜெனிதான் வாசிப்பாள். ஒன்பது வயசு. வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து, "அம்மா, யூ சீட்டெட்? ஏமாத்துனியா?" என்றாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் புள்ளி. கை தூக்கினால் புள்ளி, வரிசையில் நின்றால் புள்ளி, இன்னொரு பிள்ளைக்குப் பென்சில் கொடுத்தால் அதற்கும் புள்ளி. புள்ளி ஏறும்போதெல்லாம் என் போன் டிங் என்று அடிக்கும். போன மாதம் மழை வருகிறது, கொடியில் துணி கிடக்கிறது, ஓடிப்போய் எடுத்து வா என்றேன். "இதுக்கு எத்தன பாயிண்ட்?" என்று கேட்டாள். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"உடுமே, கொழந்த ஸ்கூல்ல பழகிக்கினு வந்து கேக்குது" என்றார் தாஸ். டிவியில் என் பெயர் இரண்டாம் இடத்துக்கு இறங்கினால் டீ கூடக் குடிக்காமல் அடுக்குகிறவள் நான். யாரைத் திட்டுவது?

ஊரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? மார்க் வரிசையில் உட்கார வைப்பார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியாது என்று வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்த பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்த எனக்குத் தெரியாதா?

ஜெனியைப் பக்கத்தில் உட்கார வைத்து, மெலேயின் கையைப் பற்றி, மேசையைப் பற்றி, மொய்யைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "ஆனா ரூல்னா ரூல்தானேம்மா?" என்றாள். "உனக்கு அதுல என்ன கெடச்சுது?" என்றும் கேட்டாள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனாள். வளர்ந்த பிறகு புரிந்துகொள்வாள் என்று எழுத எனக்கு ஆசைதான். புரியாமலேயும் போகலாம். அதற்காக நான் செய்ததை அவளுக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சொல்ல முடியாது.

6

சனிக்கிழமை வசந்திக்கு போன் போட்டேன். அவள் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். அங்கே நாஷ்டா நேரம், நான் நடந்ததையெல்லாம் சொல்ல, அவள் இட்லியை மென்றுகொண்டே கேட்டாள். எனக்கு ஆறுதல் சொல்வாள், அந்த ஊர்க்காரர்களை நாலு கெட்ட வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு நிமிசம் இரு. அந்தம்மா கை தூக்குச்சா?"

"இல்ல."

"நீயாச்சும் போயி கேட்டியா?"

"கேக்கல. அவ கை வீங்கிக்கினு இருந்துச்சு வசந்தி..."

"வீங்கிக்கினு இருந்தா? வாயி நல்லாத்தான கீது அதுக்கு? நம்ம டேபுள்ல எவளுக்காச்சும் கேக்காம மொய் வெச்சோமா? கை தூக்கனவளுக்குத்தான வெச்சோம்? நீ பண்ணது மொய் இல்லடி. ஆளு இல்லாத நேரத்துல அவ ஊட்டுல பூந்து சமச்சு வெச்சுட்டு வந்துக்கிற. இப்ப அந்த ஊட்டுக்காரி திருடின்னு பேர் வாங்கிக்கினு நிக்கறா."

"நான் நல்லதுக்குத்தான்..."

"போடி பேஜாரு புடிச்சவளே. முதல்ல போயி அந்தம்மா கால்ல உழு. அப்பறம் ஆபீசராண்ட போயி சண்ட போடு."

போனை வைத்த பிறகு அவள் மேல் எரிச்சலாக வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மெலே கோவிலிலிருந்து வந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் இங்கிலீஷை என் தமிழில் எழுதுகிறேன்.

"பத்து சீசன். என் நம்பர் மேல ஒரு சொல் வந்ததில்ல. ஒரே நாள்ல பொய்க்காரி ஆக்கிட்ட."

மன்னித்துவிடு என்றேன்.

"இன்னும் கேளு. டிவியில என் பேரு ஏறுனதைப் பாத்து என் கை சரியாகிக்கிட்டு வருதுன்னு நெனச்சேன். வலியைக் கடிச்சுக்கிட்டு இன்னும் வேகமா அடுக்குனேன். நீ ஏத்துன நம்பரை நம்பி நான் என் கையைக் கெடுத்துக்கிட்டேன்."

கட்டுப் போட்ட கையை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் கட்டுக்கு வெளியே பழம் மாதிரி உப்பியிருந்தன. வாசலிலேயே நின்று அழுதேன். அவள் சமாதானப்படுத்தவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

கடைசியில், "நாளைக்கு உள்ள போயி உண்மையை மட்டும் சொல்லு, எனக்கு அது போதும்" என்றாள்.

7

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு அம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்து, நாற்காலி காட்டி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். நாக்கு குழறினாலும் என் நாக்கே குழறட்டும்.

என் வாக்குமூலத்தை அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒரு இடத்தைத் தவிர. மெலே கேட்டுக்கொண்டதன் பேரில் என்று ஒரு வரி.

"அவள் கேட்கவில்லை" என்றேன்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேசினார். யாராவது கேட்காமல் ஒருத்தி தன் பெட்டியை இன்னொருத்திக்குக் கொடுப்பாள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். உன் வேலை எங்களுக்கு வேண்டும். இந்த வரி இருந்தால் உனக்கு வாய்மொழியாக ஓர் எச்சரிக்கை மட்டும், லைன் லீடர் பேச்சும் அப்படியே இருக்கும். இந்த வரி இல்லாவிட்டால் முழுக்க உன் தலையில் விழும். மெலே எப்படியும் கோட்டுக்குக் கீழே இருப்பவள்தானே. இப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அந்த நேரத்தில் என்னவெல்லாம் ஓடியது என்று மறைக்க மாட்டேன். வீட்டு வாடகை ஓடியது. கால் வலி ஓடியது. ஒரு கையெழுத்துதானே என்று ஒரு நிமிஷம் பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன். எடுத்த பேனாவால் அந்த வரியை அடித்தேன். ஒரு கோடு போதாது என்று நாலு கோடு போட்டேன், காகிதம் கிழிந்தது.

"அவள் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. கை வலிக்கிறவளுக்குப் பெட்டி கொடுத்தது தப்பில்லை" என்றேன். இந்த முறை இங்கிலீஷ் எங்கேயும் ஓடி ஒளியவில்லை. அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பு காணாமல் போயிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன், தமிழில்.

அன்று மாலையே தீர்ப்பு வந்தது. எனக்குக் கடைசி எச்சரிக்கை. லைன் லீடர் வேலை இல்லை. மெலே மீது குற்றம் இல்லை, வேலைக்கு வரலாம். ஆனால் நான் ஏற்றிய பெட்டிகளைக் கழித்துவிட்டு அவள் எண்ணிக்கையைத் திரும்பப் போட்டார்கள், பெயர் மறுபடி கோட்டுக்குக் கீழே போனது. ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் கோட்டைத் தாண்ட வேண்டும். இரண்டு கையும் நன்றாக இருக்கிறவளே மூச்சு வாங்கும் கோடு அது.

8

செவ்வாய்க்கிழமை காலை மெலே என்னிடம் பேசவில்லை. பாடவும் இல்லை. டீ பிரேக்கில் நானே போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"உனக்கு என்ன வேணும்? நான் என்ன செய்யட்டும்? நீ சொல்லு" என்றேன். போன செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

டீயைத் தள்ளி வைத்தாள். பிறகு பையிலிருந்து வேலையில் சேரும்போது எல்லோருக்கும் கொடுக்கும் விதிப் புத்தகத்தை எடுத்தாள். எங்களில் அதைப் பிரித்தே பார்க்காதவர்கள்தான் அதிகம், நானும் பிரித்ததில்லை. அவள் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்திருக்கிறாள். ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

புதிதாகச் சேருகிறவர்களை இரண்டு இரண்டு பேராக ஒரே மேசையில் நிற்க வைப்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே எண். அந்த ஜோடிக்கு மூன்று வாரம் சிவப்புக் கோடு கிடையாது. பழைய ஆட்களும் விருப்பப்பட்டால் பயிற்சிக்குத் திரும்பப் போகலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. சீசன் முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

"இடது கையால நான் தட்டு போட்டு, ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவேன். அடுக்குறது நீ. சேர்ந்து வர்றியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கட்டுப் போட்ட கையை மேசையிலிருந்து லேசாகத் தூக்கினாள்.

நேராக ட்ரேசியிடம் போனோம். அவள் விதிப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தாள். மெலேயை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினாள்.

"ஸ்டெல்லா, உன் பேர் போர்டில் வராது. கூப்பன் கிடையாது. பயிற்சிக்காரர்கள் போடும் மஞ்சள் சட்டை போட வேண்டும். நேற்றுச் சேர்ந்தவர்களோடு நிற்க வேண்டும். நீ எங்கள் முதல் ஆள். புரிகிறதா உனக்கு?"

"நல்லாப் புரியுது" என்றேன், தமிழில். அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

டிவியிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். இரண்டாம் இடத்துக்காரி முதலாவதாக ஏறினாள். அவளுக்கு என் வாழ்த்துகள், ஷாம்பு வாங்கிக் குவிக்கட்டும். மஞ்சள் சட்டை எனக்குத் தொளதொளவென்று இருந்தது, மெலேக்குப் பட்டனே போட முடியவில்லை. லைனில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

புதுச் சுருளில் இருந்த எண் என்னுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. முதல் மணி நேரம் இரண்டு பேர் கையும் முட்டிக்கொண்டன. பிறகு பழகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் மெலே மெதுவாகப் பாட ஆரம்பித்தாள்.

ஷிப்ட் முடிந்ததும் ட்ரேசி எங்கள் கணக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எண்ணிக்கையைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம். புருவத்தைத் தூக்கி, இதில் உன்னுடையது எத்தனை, மெலேயுடையது எத்தனை என்று என்னைக் கேட்டாள்.

நான் மெலேயைப் பார்த்தேன். மெலே என்னைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றேன். உண்மையிலேயே தெரியாது.